குதிரை வருஷத்துக்காரி

சீனப் புத்தாண்டுக்கு ஆபீசில் லஞ்ச் என்றால் நாகமணிக்குப் பிடிக்கும். சான்டா கிளாராவில் அவள் வேலை பார்க்கும் சிப் கம்பெனியில் பாதிப் பேர் சீனர்கள் அல்லது தைவான்காரர்கள். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருவார்கள். அதில் கறி கலக்காதது எதுவென்று பார்த்து, ஒரு தட்டில் தனியாக எடுத்துவைத்து, "நாகமணி, இது உனக்கு" என்று லீஹுவா கூப்பிட்டுக் கொடுப்பாள். லீஹுவா தைபேயில் பிறந்தவள். பல வருடமாக நாகமணிக்கு அடுத்த மேஜையில் உட்காருகிறவள்.

இந்த வருட லஞ்சை ஏற்பாடு செய்தவன் ஆர்யன். போன கோடையில்தான் டீமுக்கு மானேஜராக வந்தான். ஃப்ரீமான்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். சுவரில் பெரிய போர்டு ஒன்று மாட்டியிருந்தான். எலி, எருது, புலி, முயல் என்று பன்னிரண்டு மிருகங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய வருடங்கள். அவரவர் பிறந்த வருடத்தின் மிருகத்துக்குக் கீழே பெயரை ஒட்டவேண்டும். இந்த 2026 பிப்ரவரியில் பிறந்தது குதிரை வருடம் என்பதால் குதிரைக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் சுற்றியிருந்தது.

நாகமணி தன் பெயரைக் குதிரைக்குக் கீழே ஒட்டினாள். அப்போதுதான் கவனித்தாள். குதிரைக்கு 2002, 1990, 1978 என்று மூன்று வருடங்கள்தான் போட்டிருந்தார்கள். மற்ற மிருகங்களுக்கும் அப்படித்தான். எழுபதுகளுக்கு முன்னால் பிறந்த ஒருவர் இந்த ஆபீசில் இருக்கக்கூடும் என்ற நினைப்பே போர்டைச் செய்தவனுக்கு வரவில்லை.

ஆர்யன் கையில் மைக் இருந்தது. "ஹேய், ஆன்ட்டியும் ஹார்ஸ்! விச் ஒன், ஆன்ட்டி? டூ தவுசண்ட் டூ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"நைன்ட்டி? செவன்ட்டி எய்ட்?"

அவன் விடுவதாக இல்லை. "சிக்ஸ்டி சிக்ஸ்" என்றாள் நாகமணி.

பின்னாலிருந்து ஒரு குரல், என் அம்மாவைவிட மூத்தவர் என்றது. மறுபடி சிரிப்பு. ஆர்யன் அதற்குள் போனில் தேடிவிட்டான். "ஓ மை காட், ஃபயர் ஹார்ஸ்!" என்று கூவிவிட்டு ஆங்கிலத்தில் படித்தான். நெருப்புக் குதிரை வருடத்துப் பெண் யார் சொல்லும் கேட்கமாட்டாள், போகிற வீட்டை எரித்துவிடுவாள், தன் மிருகத்தின் வருடம் திரும்பி வரும்போது அவள் புதிதாக எதையும் தொடக்கூடாது.

"ஸோ, திஸ் இயர் ஆன்ட்டிக்கு நோ நியூ ப்ராஜெக்ட்ஸ்!"

அந்தச் சிரிப்பில் நாகமணியும் கலந்துகொண்டாள். பிற்பாடு அவளுக்கு ஆர்யன் மேல் வந்த கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம், அந்த நேரத்தில் பல்லைக் காட்டிய தன் மேலும் வந்தது.

மேஜைக்குத் திரும்பியதும் லீஹுவா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"எங்க ஊரில் ஒருத்தர் வயதை நேராகக் கேட்கமாட்டோம். நீங்கள் என்ன மிருகம் என்றுதான் கேட்போம். கேட்டுவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொள்வோம். அடுத்தவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத்தான் அது. இவன் அதை வைத்தே உன் வயதை மைக்கில் கேட்டுவிட்டான்."

"அந்த நெருப்புக் குதிரை?"

"பன்னிரண்டு மிருகம், ஐந்து பூதம். இரண்டும் சேர்ந்து சுற்றினால் அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் நெருப்புக் குதிரை வரும். ஜப்பானில் அந்தப் பயத்தாலேயே அறுபத்தாறில் பிள்ளை பெற்றுக்கொள்ளாமல் இருந்தவர்கள் உண்டு. பெண்ணாகப் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். எங்கள் ஊரிலும் அந்தப் பயம் உண்டு. என் சித்தி பிறந்தது அந்த வருடம்தான். வயதில் ஒன்றைக் குறைத்துச் சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள்."

நாகமணிக்குத் தன் ஊர்க் கணக்கு நினைவுக்கு வந்தது. தமிழ் வருடங்களும் அறுபதுதான், அறுபது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து வரும். அவள் பிறந்தது பராபவ வருடம், வைகாசி மாதம். வருகிற சித்திரையில் பிறக்கப்போவதும் பராபவ வருடம்தான். அந்தப் பெயருக்குத் தோல்வி என்றும் அவமானம் என்றும் பொருள் சொல்வார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த முதல் வீட்டார் ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். வருடமே சரியில்லாத பெண்ணை வீட்டுக்குள் எப்படி விடுவது என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அவள் அப்போது கோயமுத்தூரில் எஞ்சினியரிங் முடித்திருந்தாள். அந்த வருடம் பிறந்த ஆண்பிள்ளைகள் அதே தெருவில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் எடுத்த முடிவு, தனக்குப் பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுவதில்லை என்பது. மகள் தென்றலுக்குக் கடைசிவரை எழுதவே இல்லை. அந்தக் கண்றாவியைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தால், இங்கே சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இத்தோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். மார்ச் தொடக்கத்தில் புது சிப்புக்கு டீம் லீடை அறிவித்தார்கள். ஒரு சிப் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்னால் அதில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் நாகமணியின் வேலை. முந்தைய இரண்டு சிப்புகளிலும் அந்த வேலையை அவள்தான் தலைமை தாங்கி முடித்தாள். இதுவும் உனக்குத்தான் என்று டைரக்டர் இலையுதிர் காலத்திலேயே வாயால் சொல்லியிருந்தார். இப்போது வந்த பெயர் சபரி. அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன். நல்ல பையன்தான், ஆனால் இன்னும் ஒரு சிப்பைக்கூட முழுதாக முடித்ததில்லை.

அவள் நேரே ஆர்யனின் அறைக்குப் போனாள்.

"ஆர்யன், லீட் ரோல் எனக்குன்னு சொல்லியிருந்தாங்க. என்ன ஆச்சு?"

"ஆன்ட்டி, இட்ஸ் நாட் பெர்சனல். திஸ் இஸ் எ த்ரீ இயர் ப்ராஜெக்ட். லாங் ரன்வே இருக்கிற ஆள் வேணும்."

"எனக்கு ரன்வே இல்லைன்னு யார் சொன்னா? ரிட்டயர் ஆகப்போறேன்னு நான் உங்கிட்ட வந்து சொன்னனா?"

"நோ, பட்..." அவன் சிரித்தான். "இட்ஸ் யுவர் இயர், ஆன்ட்டி. டேக் இட் ஈஸி. ரிமெம்பர், நோ நியூ ப்ராஜெக்ட்ஸ்?"

நாகமணிக்குக் காது சூடாகிவிட்டது. "ரெண்டு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. உங்க அம்மாவைப் பாக்க நான் வீட்டுக்கு வந்தா ஆன்ட்டின்னு கூப்பிடு. இந்தப் பில்டிங்குக்குள்ள நான் உனக்கு ஆன்ட்டி இல்லை. லீஹுவாவை ஆன்ட்டின்னு கூப்பிடறயா? டைரக்டரை அங்கிள்ங்கறயா? என்னை மட்டும் எதுக்கு? ரெண்டாவது, நான் பொறந்த வருஷத்தை வெச்சு எனக்கு வேலை குடுக்கறதோ குடுக்காம இருக்கறதோ ஜோக் இல்லை."

"இட் வாஸ் ஜஸ்ட் ஃபார் ஃபன்..."

"உனக்கு ஃபன். எனக்கு வேலை."

கதவை அவள் சாத்திய சத்தம் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது.

அன்று மாலை சன்னிவேல் வீட்டில் கணவர் கந்தசாமியிடம் சொன்னாள். அவர் போன வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தோட்டத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணி விட்டபடியே கேட்டார்.

"உடும்மா. சின்னப் பையன், என்னமோ பேசிப்போட்டான். உனக்கும் அறுபதாகப் போவுது. பேசாம நீயும் ரிட்டயர் ஆயிக்கோ. ரெண்டு பேரும் நாலு ஊரு சுத்திட்டு வரலாம்."

"ஏனுங்க, உங்களுக்கு அறுபது ஆனப்ப என்ன பண்ணுனோம்? கோயில்ல ஹோமம் வளர்த்து, மறுபடி தாலி கட்டி, ஊரையே கூப்பிட்டுச் சோறு போட்டோம். அதுக்கப்புறமும் நீங்க வேலைக்குப் போனீங்க. எனக்கு அறுபதுன்னா மட்டும் வூட்ல உக்காருன்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே..."

"அதேதானுங்க சொன்னீங்க. ரிட்டயர் ஆகணும்னு எனக்குத் தோணுனா ஆவேன். ஒரு குதிரைப் படத்தைக் காட்டி என்னைத் தொரத்த முடியாது."

கந்தசாமி குழாயை மூடினார். அவர் கெட்டவர் அல்ல. அவள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "செரி, அப்ப உடாத. கம்ப்ளெயின்ட் குடு" என்றார்.

மறுநாள் எச்.ஆரிடம் போனாள். அங்கே இருந்த பெண் மிக இனிமையாகப் பேசினாள். தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பிறகு, ஆர்யன் உங்கள் வயதைக் குறிப்பிட்டு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். குதிரை என்று சொன்னான், என் வருடம் என்று சொன்னான், ரன்வே என்று சொன்னான் என்றாள் நாகமணி. அந்தப் பெண் தலையைச் சாய்த்து, வயது என்ற வார்த்தையைச் சொன்னாரா என்று மறுபடி கேட்டாள். இல்லை. அப்படியானால் இதை ஒரு பண்பாட்டு நிகழ்ச்சியில் நடந்த விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ராசி பலன் என்பது சட்டத்துக்குள் வராது என்றாள். ஒரு சீன நண்பர் சொல்லித்தான் ஆர்யன் அந்தப் போர்டை வைத்ததாகவும், அதைக் குறை சொன்னால் அவர்கள் மனம் புண்படலாம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

நாகமணி கொதித்துப்போய் வெளியே வந்தாள். தன்னை இழிவுபடுத்தியது போதாதென்று, அதைக் கேட்டால் சீனர்களை இழிவுபடுத்துவதாக ஆகிவிடுமாம்.

லீஹுவாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள். "யார் மனம் புண்படும்? என்னைக் கேட்டார்களா?" என்றாள். வேகமாக எச்.ஆர். அறைக்கு நடந்தாள். நாகமணி பின்னாலேயே போனாள்.

"நான் தைவான்காரி. நானும் குதிரைதான், எழுபத்தெட்டு" என்றாள் லீஹுவா, உட்காராமலே. "அந்த லஞ்சில் நான் இருந்தேன். எங்களிடம் ஒருவருடைய மிருகத்தைச் சொன்னால் வயதைச் சொன்னதாகத்தான் அர்த்தம். ஃபயர் ஹார்ஸ் என்று சொல்லிவிட்டால் அதில் சந்தேகமே இல்லை. அறுபது வருடத்துக்கு ஒரே ஒரு வருடம். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வருடத்தால் பட்டது போதும். எங்கள் பண்டிகையைக் காரணம் காட்டி இவளுக்கு வேலை மறுக்காதீர்கள். எங்களைப் புண்படுத்துவது எது என்று கேட்கிறீர்களா? இதுதான்."

எச்.ஆர். பெண் முதல்முறையாக எழுத ஆரம்பித்தாள்.

விசாரணை நடந்தது. லஞ்சில் சிரித்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சிலர் ஞாபகமில்லை என்றார்கள். சபரி மட்டும் நாகமணியிடம் வந்து தயங்கி நின்றான். "மேம், எனக்கு அந்த ரோல் வந்ததும் ஆர்யன் சொன்னாரு, 'டிராகன் இயர்ல பொறந்தவங்க நேச்சுரல் லீடர்ஸ்'னு. நான் ஹேப்பியா கேட்டுட்டு வந்துட்டேன். இப்ப கேவலமா இருக்கு. அதை விசாரிச்சவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

ஏப்ரலில் லீட் பொறுப்புக்கு மறுபடி நேர்காணல் வைத்தார்கள். ஆர்யன் இல்லாமல், வேறு மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். நாகமணிக்கு அது கிடைத்தது. ஆர்யனை வேறு டீமுக்கு மாற்றி ஏதோ ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். கம்பெனி சார்பில் வந்த மின்னஞ்சலில் "தவறான புரிதல்" என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த நாகமணிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. இதில் யாருக்கு என்ன தவறாகப் புரிந்தது? ஏற்கெனவே தன்னுடையதாக இருந்த ஒன்றுக்கு இத்தனை பேரிடம் இவ்வளவு பேச வேண்டியிருந்ததே என்ற எரிச்சல் அடங்கவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை எல் கமினோ ரியல் சாலையில் இருக்கும் இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவைக் கடைப் பை ஒன்றைத் தோளில் மாட்டிய ஒரு அம்மாள் பக்கத்தில் வந்தாள். பின்னால் டிராலியைப் பிடித்தபடி ஆர்யன்.

"நீங்க நாகமணிதானே? நான் ஆர்யன் அம்மா, பர்வதம். சொன்னான் எல்லாத்தையும். தப்பா எடுத்துக்காதீங்க. அவனுக்கு இப்ப ஏழரைச் சனி நடக்கறது. வாயில என்ன வரதுன்னு அவனுக்கே தெரியல. நம்மாத்துப் பையன்னு நெனச்சு மன்னிச்சுடுங்கோ."

நாகமணி கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்பக் குவியலில் வைத்தாள்.

"சனி மேல எதுக்குங்க பழியைப் போடறீங்க? சனி எங்க ஆபீசுக்கு வரலை. மைக்கைப் பிடிச்சுப் பேசுனது உங்க பையன். மன்னிப்பு வேணும்னா அவர் கேக்கட்டும், நீங்க கேக்காதீங்க."

பர்வதம் திரும்பி மகனைப் பார்த்தாள். ஆர்யன் டிராலியின் கம்பியைப் பார்த்தபடி நின்றான். பின்னால் முருங்கைக்காய் எடுக்க ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஐ வாஸ் ராங்" என்றான் கடைசியில், சிறிய குரலில். "ஐ'ம் சாரி."

"செரி" என்றாள் நாகமணி. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வெண்டைக்காய் இருக்கும் பக்கம் டிராலியைத் திருப்பினாள்.