காத்தே இல்லீங்க: கணபதியிலிருந்து உடுமலைக்கு மார்கழியில் ஒரு சைக்கிள் பயணம்

கோவையின் கணபதிப் பகுதியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் சைக்கிளில் போய்வர மார்கழியைப் போல வசதியான மாதம் கிடையாது. மழை அநேகமாக ஓய்ந்திருக்கும், பத்து மணி வரை வெயில் தொந்தரவு செய்யாது. நானும் என் கணவரும் ஆறு வருடமாக மார்கழி, தை ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பாதையைத்தான் பயிற்சிக்கு வைத்திருந்தோம். பந்தயத்துக்குப் போகிற ஆட்கள் இல்லை நாங்கள். மாசியில் ஒரே ஒரு நீண்ட சவாரி, இருநூறு கிலோமீட்டர். அதற்குக் குளிர்காலத்தில் கால்களைப் பழக்கிக்கொள்வது, அவ்வளவுதான். இந்த மார்கழியில் நான் தனியாகப் போனேன். ஆடி மாதம் ஒரு காலை, கணபதியில் அவருடைய லேத் பட்டறையில் வேலையாக இருக்கும்போதே மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "இத்தனை சைக்கிள் ஓட்டியும் இப்படி ஆயிருச்சே" என்றார்கள். மீதிப் பேர், "சைக்கிள் ஓட்டித்தான் இப்படி ஆயிருச்சு" என்றார்கள். இரண்டு கட்சிக்கும் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

ஓசூரில் வேலை பார்க்கிற மகள் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். "ரெண்டு சைக்கிளையும் வித்துப்போடுங்கம்மா. உங்களையும் ரோட்டுல விட்டுட்டு நான் எப்படி அங்க நிம்மதியா இருக்கறது?" அவள் பயத்தில் தப்பு சொல்ல முடியாது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரே ஒரு முறை நான் தனியாக உடுமலை போய்வருவேன். பாதி வழியில் காரை அனுப்பச் சொல்லிப் போன் செய்தால் இரண்டு சைக்கிளும் விற்பனைக்கு. முழுக்க ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டால் என் சைக்கிளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. கொழுந்தனார் காருக்கு டீசல் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அவர் யார் பக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். டயருக்குக் காற்றடிப்பது, பஞ்சர் சாமான் எடுத்து வைப்பது எல்லாம் என் கணவரின் வேலையாக இருந்தது. முந்தைய நாள் அதையெல்லாம் செய்து முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. குளிர் கையுறையைத் தாண்டி விரலைக் கடித்தது. வாசல்களில் கோலம் ஆரம்பித்திருந்தது, கோயில் ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருந்தன. உக்கடம் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் சுந்தராபுரம் வரை லாரி கொஞ்சம் அதிகம். பின்விளக்கு இல்லாமல் இந்த நேரத்தில் தயவுசெய்து வராதீர்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகும்போது பின்னால் இருப்பவருக்குச் சாலை தெரியாது. முன்னால் போகிறவர்தான் குழியைப் பார்த்துக் கத்த வேண்டும். மற்ற குழுக்களில் "ஹோல்" என்பார்கள், "குழி" என்பார்கள், வேலை முடிந்தது. என் வீட்டுக்காரர் "குழிங்க!" என்பார். லாரிக்கு "லாரிங்க!" நாய்க்கு "நாய்ங்க!" நாய்க்கும் மரியாதை. அவர் ‘ங்க’ சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் குழிக்குள் போய்விடும் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். "என்னங்க பண்றது, பழக்கமாயிருச்சு" என்று சிரிப்பார். ஆறு வருடத்தில் என் சக்கரம் ஒரு குழியில்கூட இறங்கியதில்லை.

மலுமிச்சம்பட்டி தாண்டி அன்றைக்கு இறங்கியது. குழியைப் பார்க்காமல் இல்லை, நன்றாகவே பார்த்தேன். யாராவது சொன்னால்தான் விலகுவது என்று கை பழகியிருந்தது. டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன். ஒரு பால்காரர் பைக்கை நிறுத்தி, "ஏனுங்க, அடி கிடி பட்டுருச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். நம்பாமல்தான் போனார்.

பொள்ளாச்சிக்கு ஏழரை. கணபதியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துப் பக்கம் இட்லி, வடை, காபி எல்லாம் சேர்ந்து எண்பது ரூபாய். எட்டு மணிக்குக் கிழக்கே திரும்பினேன். உடுமலைக்குப் புது நான்குவழிச் சாலையும் உண்டு, சைக்கிளுக்குப் பழைய சாலைதான் நல்லது. இருபக்கமும் தென்னந்தோப்பு, நடுநடுவே புளியமரம்.

ஊரைத் தாண்டியதும் யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது போல் இருந்தது. முதலில் பிரேக் சக்கரத்தில் உரசுகிறதோ என்று இறங்கிப் பார்த்தேன். உரசவில்லை. ஏறி மிதித்தால் வேகமீட்டர் பதினைந்தைத் தாண்டவில்லை. அவர் பின்னால் இதே சாலையில் இருபத்துமூன்றில் பேசிக்கொண்டே போனவள் நான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். தோப்புகளுக்கு மேலே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எத்தனையோ காற்றாலைகள்! ஆறு வருடமாக அவர் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்ததில் நான் மேலே பார்த்ததே இல்லை.

முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொண்டு போனால் ஒட்டிப் பின்னால் வருகிறவருக்குப் பாதிச் சுமை குறையும். டிராஃப்டிங் என்பார்கள். நாலு பேர் போனால் மாறி மாறி முன்னால் வருவதுதான் முறை. நானும் பலமுறை கேட்டிருக்கிறேன், "மாமா, நான் கொஞ்ச நேரம் முன்னால வாரேனுங்க" என்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "எதுக்குங்க அம்மணி? காத்தே இல்லீங்க."

கோமங்கலம் வருவதற்குள் தொடை இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நாங்கள் வழக்கமாக டீ குடிக்கிற பேக்கரி முன்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். கொழுந்தனார் நம்பர் திரையில் வந்துவிட்டது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"வாங்க அம்மணி. சார் பின்னால வாராருங்களா?" என்றார் கல்லாவில் இருந்த பேக்கரிக்காரர். அறுபது வயது இருக்கும், எப்போதும் நெற்றி நிறையத் திருநீறு.

"அவரு ஆடி மாசம் தவறிட்டாருங்கண்ணா."

பேக்கரிக்காரர் எழுந்து முதலில் ரேடியோவை நிறுத்தினார். பிறகு அவரே டீ ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பேச்சை மாற்றத்தான், "இன்னைக்கு என்னங்கண்ணா இவ்வளவு காத்து?" என்றேன்.

"இன்னைக்குங்களா? மார்கழி, தையில கெழக்கத்திக் காத்து எப்பவும் இப்படித்தானுங்களே."

"நாங்க வந்தப்ப எல்லாம் இல்லீங்களே."

"இருந்துச்சுங்க அம்மணி." கொஞ்சம் தயங்கினார். "நீங்க எறங்குனதும் மூஞ்சி கழுவப் பின்னால போயிருவீங்க. சார் அந்தத் தூணப் புடிச்சுக் குனிஞ்சு நிப்பாருங்க. மூச்சு வாங்கி முடிச்சுப்போட்டுத்தான் டீயே சொல்லுவாரு. நான் ஒருவாட்டி கேட்டுப்போட்டேன். ‘சத்தம் போடாதீங்க, தெரிஞ்சா அம்மணி முன்னால வாரேன்னு நிப்பாங்க’ன்னு சிரிச்சாருங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆறு வருடம் ஒரு மனுஷன் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான் என்று. அந்தக் கோபம் டீ ஆறுகிற வரைகூட நிற்கவில்லை. பின்னால் போய் முகம் கழுவினேன். அந்தக் குழாயடியிலிருந்து பார்த்தால் தூண் தெரியாது. அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்த மூச்சிரைப்புக்கும் ஆடி மாதத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருந்ததா? தெரியாது. எதிர்காற்றில் முன்னால் ஓட்டுகிற யாருக்கும் அப்படித்தான் இரைக்கும், அன்றைக்கு எனக்கும் இரைத்தது. ஆனாலும் அந்தக் கேள்வி கூடவே ஏறிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை.

டீக்கும் தேங்காய் பன்னுக்கும் காசு வாங்கப் பேக்கரிக்காரர் மறுத்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டேன். காரில் திரும்பியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் மிச்சமிருந்த தூரத்திலாவது அந்தக் காற்றை நான் வாங்க வேண்டும் என்று இருந்தது. உடுமலை எல்லைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. இளநீர் ஐம்பது ரூபாய், இரண்டு குடித்தேன்.

திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக் கொடுத்தது. பொள்ளாச்சிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் ஆனது. வடக்கே திரும்பியதும் காற்று வலது பக்கம் முன்னாலிருந்து சாய்வாக அடிக்க ஆரம்பித்தது, கூடவே வெயிலும். கிணத்துக்கடவுக்கு முன்னால் ஒரு பெண் சைக்கிளோடு ஓரமாக நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம், முகமெல்லாம் சிவந்திருந்தது. போத்தனூராம். பொள்ளாச்சி வரை வந்து திரும்புகிறாள், முதல் நீண்ட சவாரி.

"ஏனுங்கக்கா, உங்க பின்னாலயே வரட்டுங்களா? தனியா மிதிக்க முடியலீங்க."

"வாங்க அம்மணி" என்றேன். எப்படி ஒட்டி வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு முன்னால் போனேன். முதல் குழி வந்ததும் என் வாயிலிருந்து "குழிங்க!" என்று வந்தது. தொடை எரிந்தது, மூச்சு முட்டியது. ஆனால் பின்னால் ஒரு சக்கரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில் நிறுத்தத் தோன்றவில்லை, அது ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்.

"முன்னால காத்து ரொம்ப அடிக்குதுங்களாக்கா?"

"காத்தா? ஒண்ணுமே இல்லீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நல்லவேளை, பின்னால் வருகிறவளுக்கு என் முகம் தெரியாது. சுந்தராபுரத்தில் அவள் போத்தனூருக்குத் திரும்பினாள். நான் வீடு சேரும்போது மணி மூன்று. மகளுக்குப் போன் செய்து, வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள், சைக்கிளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவருடைய சைக்கிள் என் உயரத்துக்குப் பெரியது, இப்போதைக்குப் பட்டறையில் மாட்டியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: போக, வர சுமார் 150 கிலோமீட்டர். ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். பொள்ளாச்சிக்குப் பிறகு பஞ்சர் கடை குறைவு, இரண்டு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருந்தால் அமராவதி அணை வரை போகலாம், நான் போகவில்லை. மார்கழி, தையில் பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை எதிர்காற்று நிச்சயம். இருவராகப் போனால் மாறி மாறி முன்னால் ஓட்டுங்கள். முன்னால் போகிறவர் காற்றே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தடவை முந்திப் போய்ப் பாருங்கள், திரும்பிச் சண்டை போட அவர் பின்னால் இருக்கும்போதே.