‘இனித் தேவையில்லை’ என்று கம்ப்யூட்டர் சொன்னது

கம்ப்யூட்டரிலிருந்து சீட்டு விளையாட்டை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்த அத்தனைக்கும் என்னைத்தான் திட்டினார்கள். அதில் பாதி நியாயம்தான்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் என்ஜினியர். ஆளுக்கொரு பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். லூர்து முசியே எங்கள் வாடிக்கையாளர்; முசியே என்றால் பிரெஞ்சில் ‘ஐயா’. பிறப்புச் சான்று, கல்யாணச் சான்றுகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தார். பாரீசிலிருந்து வந்த அவர் தம்பி, இருந்த ஒரே மெஷினில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் பிரெஞ்சு. கீபோர்டும் பிரெஞ்சு.

“ஏம்மா செல்வி, டைப்பிஸ்ட் பொண்ணு காலையிலேர்ந்து சீட்டு ஆடிக்கினு இருக்குது. அதத் தூக்கிடு” என்றார் முசியே.

மெனுவில் மறைத்து வைத்திருந்தாலே போதும். ஆனால் எனக்குக் கமாண்ட் தெரியும் என்று காட்ட வேண்டுமே! கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் திறந்து, சாஃப்ட்வேரைப் போட எடுக்க உதவும் apt என்று தட்டினால் qpt என்று விழுந்தது. வழக்கமாக a இருக்கும் இடத்தில் அந்தக் கீபோர்டில் q. நடுக்கோடு போட 6-ஐத் தட்ட வேண்டும். நாலாவது தடவைதான் கமாண்ட் ஒழுங்காகப் போனது.

விளையாட்டு போயிற்று. ஆனால் திரை நிறைய வேறு சாஃப்ட்வேர் பேக்கேஜ்களின் பெயர்கள் நின்றன. மேலே பிரெஞ்சில் ஒரு வரி.

“என்ன சார் போட்டிருக்கு?”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “இதெல்லாம் தானா வந்து ஒக்காந்ததாம். இனிமே தேவையில்லையாம்.”

“அதையும் எடுத்துடவா?”

“அதுவே தேவையில்லைன்னு சொல்லுது. அப்புறம் என்ன? எடு.”

தேவையில்லாததை மொத்தமாக எடுக்கும் autoremove கமாண்டைக் கொடுத்தேன். தொடரவா என்று கேட்டு O, n என்று இரண்டு எழுத்தைக் காட்டியது. “ஓ-ன்னா உய், ஆமான்னு அர்த்தம். போடு, போடு” என்று அவசரப்படுத்தினார். போட்டேன்.

மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். கறுப்புத் திரை. மூலையில் login என்று ஒரு சொல், அவ்வளவுதான். அந்த விளையாட்டு பெரிய மூட்டை ஒன்றின் பகுதி. அதை உருவியதும் மூட்டை அவிழ்ந்து, அதோடு வந்த டெஸ்க்டாப், கடிதம் அடிக்கும் சாஃப்ட்வேர் எல்லாமே வேண்டாத சாமான் ஆகிவிட்டன.

சரியாக அந்த நேரத்தில் முசியேயின் வாடிக்கையாளர் தெரேஸ் அம்மா வந்தார். மகளின் கல்யாணச் சான்றின் மொழிபெயர்ப்பை வாங்க.

“ரெடிதானே முசியே? மூணு மணிக்கு பிரெஞ்சு கான்சுலேட்டுல அப்பாயின்ட்மென்ட். இத விட்டா அடுத்த மாசம்தான்.”

மணி பதினொன்றரை. நல்ல வேளை, அந்த மொழிபெயர்ப்பு ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்தே அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். லினக்ஸில் அடித்த ஃபைல் என்பதால் அங்கிருந்த வேர்டில் அது திறக்கவே இல்லை. திரும்பி வந்து சிடியிலிருந்து இன்ஸ்டால் செய்யப் பார்த்தால், முதல் சிடியைப் போடு, மூன்றாவதைப் போடு, மறுபடி முதலாவதைப் போடு என்று மெஷின் என்னை ஆட்டி வைத்தது. மூன்றாவது சிடியில் கீறல்.

“எப்பம்மா முடியும்?”

“அரை மணி நேரம் சார்.”

“அதத்தான் ஒரு மணி நேரமா சொல்லிக்கினு இருக்கற!”

பீரோ மேலிருந்த டைப்ரைட்டரை அவரே இறக்கினார். மூலச் சான்றை எதிரில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து மொழிபெயர்த்து அடித்தார். இரண்டாவது பக்கத்தில் பெயர் தப்பாகி, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தார். தெரேஸ் அம்மா வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு என்னையே முறைத்தார். இரண்டே முக்காலுக்கு முசியே முத்திரை குத்திக் கொடுத்தார். ஆட்டோ பறந்தது. தெரேஸ் அம்மா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது.

என் இன்ஸ்டால் ஐந்து மணிக்கு முடிந்தது. முசியே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். பிரெஞ்சு தெரியாதவளை அவசரப்படுத்தினால் என்ன ஆகும்? ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த பேக்கேஜ் பெயர்கள் ஒன்றுகூடப் பிரெஞ்சு இல்லை. எல்லாம் நான் தினமும் பார்க்கும் பெயர்கள். அவர் வரியைச் சரியாகத்தான் படித்துச் சொன்னார். பட்டியலைப் படிக்க வேண்டியவள் நான். எதை எடுப்பதானாலும், எவ்வளவு அவசரமானாலும், கூடவே என்னென்ன போகிறது என்று கடைசி வரி வரைக்கும் படியுங்கள். பிறகு தட்டுங்கள்.