பத்தாவது நிமிடத்தில் வரும் அழைப்பு

பேய்க் கதையை யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், கூச்சத்தில் எதிர்த்துப் பேசவும் மாட்டேன், நம்பவும் மாட்டேன். நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

இலங்கை மலைநாட்டில், அட்டனில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலை பெக்டரியின் இன்டர்நெட் ரவுட்டரைக் கடையில் இருந்தபடியே பார்த்துக்கொள்வதும் நான்தான். அதன் செட்டிங்கை மாற்றும் முன், நான் உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் பழையபடி திரும்பிவிடு என்று அதற்குச் சொல்லி வைப்பேன். இல்லாவிட்டால் ஓர் எண் பிசகினாலும் லைன் அறுந்துவிடும், மலையேறிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

அன்று போயா தினம், பௌர்ணமி என்பதால் பெக்டரிக்கு லீவு, அதனால்தான் அந்த மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். காவலுக்கு யோசேப்பு அண்ணன் மட்டும் இருந்தார். அங்கே சிக்னல் கிடையாது, அவர் போன் பேசுவதே அந்த ரவுட்டர் வழியாகத்தான். ஆகவே முதலில் அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, பத்து நிமிசம் லைன் இருக்காதுங்க."

"நல்லதாப் போச்சு தம்பி, எம் பொஞ்சாதி கோல் வராது. நிம்மதியாத் தேத்தண்ணி குடிப்பேன்."

மாற்றினேன். எங்கோ பிசகி லைன் அறுந்தது. பயப்படாமல் காத்திருந்தேன். பத்தாவது நிமிடம் ரவுட்டர் பழைய செட்டிங்கோடு திரையில் வந்தது, அதே நொடி என் போன் அடித்தது.

"தம்பி, வெட்டுறானுங்க! தூள் மூட்டை திருட வந்தவனுங்க... கை போயிருச்சு தம்பி, ஆள அனுப்புங்க!"

பின்னால் கத்தி எலும்பில் இறங்கும் சத்தம், நம்பினால் நம்புங்கள், ஈரமான சத்தம்.

பொலிஸுக்குச் சொல்லிவிட்டு வாடகை வான் பிடித்து ஓடினேன். அதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். தரையெல்லாம் இரத்தம், சிந்திய தேயிலைத் தூள் அதில் ஊறிக் கிடந்தது, வாசற்படியில் ஒரு விரல். சுவரில் ரவுட்டர், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் இரண்டாகப் பிளந்து தொங்கியது.

அண்ணன் பிழைத்தார், இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

"நீங்க எனக்குக் கோல் எடுத்ததாலதான் பொலிஸ் வந்திச்சுங்கண்ணே" என்றேன்.

"நானா? உள்ள வந்ததும் மொத வெட்டே ஒங்க ரவுட்டர் பெட்டிக்குத்தான் தம்பி. அடுத்த வெட்டுல போனும் கையும் சேந்து போச்சு. நான் எங்குட்டுக் கோல் எடுக்குறது?"

இப்போது அவர் என் கடையில்தான் இருக்கிறார், வருகிறவர்களைக் கவனித்துக்கொள்கிறார். எந்த ஊர் ரவுட்டருக்கு அந்தப் பத்து நிமிடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாலும், சில தடவை அது முடிகிற நேரத்தில் என் போன் அடிக்கிறது. திரையில் அவர் பெயர். எதிரே அவர், ஒற்றைக் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

"எடுக்காதீங்க தம்பி" என்பார் தலை நிமிராமல். "அங்க இன்னும் வெட்டிக்கிட்டுத்தான் இருப்பானுங்க."