வால் வளைந்த பூனை

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள் அவள். பன்னிரண்டு வருடமாக வீட்டில் பாரசீகப் பூனை வளர்த்து, குட்டிகளை வெளியே கொடுக்கிறாள். தாய்க்கு வருடத்துக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கிடையாது. ஆணையும் பெண்ணையும் சேர்க்குமுன் இரண்டுக்கும் சிறுநீரகம், இதயம் சோதித்தாக வேண்டும். மூன்று மாதம் முடியாமல் குட்டி வாசல் தாண்டாது. "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு விசாரிக்கல" என்பான் கணவன்.

அவளுடைய கடுவன் பூனைக்கு வயதாகிவிட்டது. ரத்த உறவில்லாத வேறொரு கடுவன் தேவைப்பட்டது. யாரோ கைகாட்ட, ஒரு டைல்ஸ் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள்.

முதல் மாடிப் படியிலேயே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. கதவைத் திறந்தவர் சட்டையெல்லாம் ரோமம்.

"வாங்க. கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிடும்."

அறையில் சுவர் முட்டக் கூண்டுகள். மேல்தட்டுப் பூனையின் கழிவு கீழ்த்தட்டுப் பூனையின் முதுகில் காய்ந்து அப்பியிருந்தது. முகம் தட்டையாகிப்போன குட்டிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. கண்ணில் வழிந்த நீர் கன்னத்தில் பழுப்பாக உறைந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் பச்சைப் பாசி.

"இந்தக் குட்டிகளுக்கு அப்பா எது?"

"அதோ, அந்த வெள்ளை. அம்மாவுக்கும் அவன்தான் அப்பா. வெளி ரத்தம் ஒரு சொட்டு கலக்க விடமாட்டேன்" என்றார், குலப்பெருமை பேசுகிற தோரணையில்.

வெளியேறத் திரும்பும்போதுதான் கடைசிக் கூண்டைப் பார்த்தாள். சாம்பல் நிறப் பூனை ஒன்று. வால் நுனிக்கு முன் கொக்கிபோல் வளைந்திருந்தது. அந்த வளைவை அவள் விரல்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் பிறந்தது. வால் கோணல் வம்சத்தில் இறங்கக்கூடாது என்று, ஈன வைக்கக்கூடாது, வேண்டாமென்றால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஓரகத்தியிடம் கொடுத்திருந்தாள். இப்போது அதன் பின்காலெல்லாம் சீழ் ஒட்டிக் கிடந்தது.

"அதுவா? நாலு ஈத்து போட்டுச்சு. இப்ப ரெண்டு தடவையா சினை தங்கல. வேணும்னா தூக்கிட்டுப் போங்க, கூண்டாவது காலியாகும்."

துப்பட்டாவில் சுற்றித் தூக்கினாள். பஞ்சுப் பொதிபோல் இருந்த ரோமத்துக்குள் வெறும் எலும்பு.

அன்றைக்கே மருத்துவர் அழுகிப்போயிருந்த கருப்பையை அறுத்தெடுத்தார். பூனை பிழைத்தது, மூன்று மாதம் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

ஓரகத்தியிடம் அவளே நேரில் போய்க் கேட்டாள்.

"சோபாவைக் கீறுச்சுக்கா. அந்த டைல்ஸ் கடைக்காரரு ஆசையா கேட்டாரு, குடுத்துட்டேன். பூனைதானே?"

"வேணாம்னா எங்கிட்டயே திருப்பிக் குடுன்னு சொல்லித்தானே குடுத்தேன்?"

"நீங்க மட்டும் என்ன, குட்டி போடவெச்சு ஊருக்குக் குடுக்கறவங்கதானே?"

அந்தச் சொல் அவளை ஈட்டியாகக் குத்தியது. காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள். ஓரகத்திமேல் வந்த அருவருப்பு பாதி வழியில் தன்மேலேயே திரும்பியது. சொந்தம்தானே என்று, கொடுத்த பிறகு ஒரு நடைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்த வருடம் கடுவனே தேடவில்லை. இனி வேண்டாம், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் நல்ல குட்டி கிடைக்காதவர்கள் அந்தக் கூண்டறைக்குத்தானே போவார்கள்?

அடுத்த வருடம் நல்ல கடுவன் ஒன்று கிடைத்தது. அந்த ஈற்றிலிருந்து, கருத்தடை செய்யாமல் எந்தக் குட்டியையும் அவள் வெளியே அனுப்பவில்லை. வாங்குபவர் வீட்டை முதலில் பார்த்தாள்; குட்டி போன பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். "பொண்ணு குடுத்த மாமியாகூட இப்படி வரமாட்டாங்க" என்று சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

போன மாதம் ஓரகத்தி போன் செய்தாள். அவளுடைய சின்ன மகள் பூனை கேட்டு அழுகிறாளாம். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காம ஒண்ணு குடுங்கக்கா."

"குடுக்கமாட்டேன்" என்றாள் அவள். ஓரகத்தி விளக்கம் சொல்லத் தொடங்குமுன் போனை வைத்துவிட்டு, பூனைகளின் மணல் தட்டைக் கழுவப் போனாள்.