ஐம்பது நிமிட மழையும் ஓர் அட்டையும்

சேரம்பாடியில் என்னிடம் கவுன்சலிங்குக்கு வந்துகொண்டிருந்த பெண்மணி தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவருடைய கதையை எழுத மாட்டேன். அட்டைப்பூச்சியைப் பற்றி மட்டும் எழுத அனுமதி தந்திருக்கிறார். ஆகவே இது அட்டையின் கதை. கொஞ்சம் என் கதை.

அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். தனியாக ஆட்களைப் பார்க்க வேண்டுமென்றால், வெலிங்டனில் இருந்த என் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு இரண்டு கேட்டிருந்தார். ஒன்று, வந்தவரின் சம்மதத்தோடு போனில் பதிவுசெய்த ஒரு முழு அமர்வு. இன்னொன்று, அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்று நானே திரும்பிப் பார்த்து எழுதிய நோட்டு. நோட்டு விஷயத்தில் எனக்கு அசாத்திய நம்பிக்கை. என் மனம் எப்போதும் நல்லதையே செய்துகொண்டிருந்ததாக எழுதிவிடுவேன்.

கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் மேடம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். போனை மேசை நடுவில் வைத்து ஒலிக்கவிட்டார்.

மழை. தகரக் கூரையில் கொட்டிய பேய்மழை. அதற்குள் நடுநடுவே ஒரு குரல்: “ம்.”

பதிவுசெய்தபோது போனை என் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

“ஏனுங்க, அவங்க எங்க?”

“பேசிட்டுத்தான் இருக்காங்க மேடம். மழைக்குள்ள இருக்காங்க.”

நிறுத்திவிடுவார் என்று பார்த்தேன். “முழுசாக் கேப்போமுங்க” என்றார். வெளியே நல்ல வெயில். நாங்கள் இருவரும் கைகட்டி உட்கார்ந்து மழை கேட்டோம். என் ஒவ்வொரு ‘ம்’முக்கும் அவர் ஒரு தாளில் கோடு கிழித்துக்கொண்டே வந்தார்.

முப்பதாவது நிமிடம் மழை சட்டென்று நின்றது. பெண்மணியின் குரல் தெளிவாக வந்தது.

“சார், ஒங்க கால்ல அட்டை ஏறுது.”

என் குரல், தேன் தடவினாற்போல: “ம்... அது உங்களுக்கு எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல சார். ஒங்களுக்குத்தான்.”

“ம்... எனக்குத்தான்னு உங்களுக்குத் தோணுது.”

மறுபடி மழை, ஐம்பதாவது நிமிடம் வரை.

மேடம் போனை நிறுத்திவிட்டு என் நோட்டை எடுத்தார். சத்தமாக வாசித்தார். “‘ரத்தம் உறிஞ்சும் உறவு ஒன்றை அவர் அட்டையாகக் காண்கிறார். அவருடைய வலியோடு நான் முழுமையாக இருந்தேன்.’ நீங்க எழுதுனதுங்களா?”

“ஆமாங்க மேடம்.”

“காலைப் பாக்கவே இல்லீங்களா?”

“ஊட்டுக்குப் போய்த்தான் பாத்தேன். சாக்ஸெல்லாம் ரத்தம். பஸ் ஸ்டாப்புல கடிச்சிருக்கும்னு நெனச்சேன்.”

“செரி. அந்த நேரத்துல நெசமா மனசுல என்ன ஓடிட்டிருந்துச்சு?”

பொய் ஒன்றும் கைவசம் இல்லை. “இந்தப் பதிவு உங்களுக்குப் பிடிக்குமான்னுதானுங்க மேடம்.”

நோட்டை என் பக்கம் தள்ளினார். “இதை எழுதுங்க. அதுக்கு முன்னால அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. கையெழுத்தை அப்புறம் பாக்கலாம்.”

அடுத்த வாரம் சொன்னேன். பெண்மணி தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அழுகிறார் என்று நினைத்து டிஷ்யூ பெட்டியை நகர்த்தினேன். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

“மூணு தடவ சொன்னேன் சார். ரெண்டு மழையில போயிருச்சு. சரி, படிச்சவரு, ஏதோ காரணத்தோடதான் அத விட்டுவெச்சிருக்காருன்னு இருந்துட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, நான் வாயே தொறக்கல. ஒங்க காலையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மிச்சம் இருபது நிமிடம் நான் யாருக்கு ‘ம்’ சொன்னேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் அவர் வந்ததும் ஒரு பொட்டலம் கல் உப்பை மேசையில் வைத்தார். “சாக்ஸ நனைச்சு இதத் தேச்சுக்கங்க சார். அட்டை அண்டாது. அன்னைக்கி சொல்ல வந்தத இப்ப சொல்றேன்.” சொன்னார். கேட்டேன். அது அவருடைய கதை.

புது நோட்டோடு மறுபடி வெலிங்டன் போனேன். இந்த முறை அதில் என் மனம் நல்லதாக எதுவுமே செய்யவில்லை. மேடம் இரண்டு தடவை வாசித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து மேசைக்கு அடியில் என் கால்களைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். சாக்ஸில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

கையெழுத்துப் போட்டார்.