அண்ணியின் கூடையில் வந்த குட்டி

கடலோரத்தில் என் மகன் வீடு கட்டிக் குடியேறிய முதல் வருஷம், ஒரு விடியற்காலையில் வாசலுக்கு நேரே மணலில் ஒரு பெரிய ஆமை முட்டையிட்டுவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. துடுப்பு மாதிரியான கால்களால் மணலைத் தள்ளிக் கொஞ்ச தூரம் போகும், நின்று மூச்சு வாங்கும், மறுபடியும் தள்ளும். திருகோணமலைப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. மலையில் பிறந்து மலையில் வளர்ந்த எங்களுக்கு அது சாமி புறப்பாடு மாதிரி இருந்தது. பேரப்பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் வாசலில் நின்றார்கள். என்னை அறியாமல் கைகூப்பி, "பாத்துப் போ தாயி" என்றேன். மருமகள் சிரித்துவிட்டாள். "ஆமையையும் வழியனுப்புறீங்களே அத்த, இத யாருகிட்டப் படிச்சீங்க?" என்று கேட்டாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அங்கே இதைச் சொல்லித் தரவில்லை. என் மூத்த அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணிதான் இப்படிக் கும்பிடுவார். இன்றைக்குக் கடலில் மீன் துள்ளினாலும், கரைக்குப் பறவைக்கூட்டம் வந்து இறங்கினாலும், எங்கள் வீட்டில் வேலையை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு 'ஆண்டவனே, இதையும் காட்டினாயே' என்று நினைப்பார்கள். அந்தப் பழக்கம் அண்ணி எங்கள் குடும்பத்துக்குக் கொண்டுவந்த சீதனம். வேறு சீதனம் அவர் கொண்டுவரவில்லை.

லிந்துலைக்கு மேலே, காட்டை ஒட்டியிருந்தது எங்கள் தோட்டம். காம்பரா என்கிற ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டியதுதான் லயம்; கீழேயிருந்து வந்தால் எங்கள் லயம்தான் கடைசி லயம். அதற்கு மேலே ஒரு தேயிலை மலை. நாலாம் நம்பர் என்பார்கள். அதற்கு மேலே காடு. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தும் எங்கள் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரைதான். எங்களுக்கோ ஓட்டும் இல்லை, பிரஜை என்ற பேரும் இல்லை. ஆண்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசிச் சோர்ந்துபோவார்கள். அண்ணி உடப்புசல்லாவைப் பக்கத்திலிருந்து வாழ வந்த மறுநாள் காலை, மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போன இடத்தில் ஒரு மரை மான் கொம்போடு நின்றது. மற்றவர்களாக இருந்தால் கல்லெடுத்திருப்பார்கள். அண்ணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அது தண்ணீர் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாராம். வந்து சொன்னார்: "நாம இந்த ஊருக்காரங்க இல்லன்னு கொழும்புல சொல்றாங்க. அந்த மரை என்னயப் பாத்துச்சு. அது அப்பிடி ஒண்ணும் சொல்லல."

காட்டு மிருகங்களை அவர் 'காட்டுக்காரங்க' என்றுதான் சொல்வார். பன்றி வந்து எங்கள் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போன அன்றைக்கு அண்ணன் வாயில் வந்ததையெல்லாம் திட்டினார். "அவுங்க வாசல்ல போயி நாம கெழங்கு போட்டா வேற என்னா செய்வாங்க?" என்றார் அண்ணி. சாயங்காலம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது அவர் சொல்லும் நன்றிக்கு அளவே கிடையாது. மழை பெய்ததற்கு, வடிகால் கானில் உட்கார்ந்து சீட்டியடிக்கிற குருவிக்கு, சிறுத்தை எங்கள் மாட்டைத் தொடாமல் போனதற்கு. லயத்தில் கேலி செய்வார்கள். "ஒங்க அண்ணி அட்டைக்கும் ஒரு கும்பிடு போடுவா பாரு" என்பாள் பக்கத்துக் காம்பரா அக்கா. "அட்ட வேணாம், அது கேக்காமலே எடுத்துக்குது" என்பார் அண்ணி.

அண்ணிக்கு முதல் பிள்ளை பிறந்து, மறுபடி வேலைக்கு வரத் தொடங்கிய ஐப்பசி மாசம். நான் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அண்ணியின் பக்கத்துத் தேயிலை நிரை. கைப்பிள்ளைக்காரிகளுக்குப் பால் நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரம் வந்ததும் கூடையை நிரையிலேயே இறக்கிப் போட்டுவிட்டுக் கீழே பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவார்கள். ஆயா பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க மலையேறி வருவார்கள். தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால் கூடை அங்கேயே கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள்.

அன்றைக்கு நாலாம் நம்பர் மலையில், காட்டோரத்து நிரைகளில் நின்றோம். பனி இறங்கி, பத்துச் செடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. பால் நேரத்தில் அண்ணி கூடையை ஒரு தேயிலைச் செடியின் தூரில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். அவர் திரும்பி வருவதற்கும் அந்தி நிறுவைக்குக் கொம்பு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. மேற்கொண்டு ஒரு கொழுந்துகூடக் கிள்ளாமல் கூடையைத் தூக்கிக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். "நனைஞ்ச கொழுந்து, கனக்குது புள்ள" என்று மட்டும் சொன்னார்.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் அவர் கூடை தராசில் ஏறியதும் கணக்கப்பிள்ளை முகம் மாறியது. அடியில் கல் போட்டு எடையைக் கூட்டுவது என்பது அங்கே பெரிய அவமானம். அகப்பட்டவளை வருஷக்கணக்கில் 'கல்லுக்கூடைக்காரி' என்பார்கள்.

"என்னாம்மா, எத்தன நாளா இந்தப் பழக்கம்?" என்றார் அவர்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கூடையை எட்டிப் பார்த்தார்கள். அண்ணி மட்டும், "கொட்டிப் பாத்துக்கங்க ஐயா" என்றார்.

சாக்கை விரித்துக் கூடையைக் கவிழ்த்தார்கள். கொழுந்தோடு கொழுந்தாக உருண்டு வந்தது ஒரு சிறுத்தைக் குட்டி; லயத்துப் பேச்சில் புலிக்குட்டி. வளர்ந்த பூனையளவு இருக்கும். உடம்பெல்லாம் புள்ளி, நீலம் பாய்ந்த கண். தலையில் ஒட்டிய இலையை உதறிவிட்டு எங்களைப் பார்த்துச் சீறியது. சாய்ந்து கிடந்த கூடைக்குள் மெத்தென்று இலையைக் கண்டு, அது புகுந்து தூங்கியிருக்க வேண்டும். பெண்கள் மடுவத்தின் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். அந்த அமளியிலும் பக்கத்துக் காம்பரா அக்கா, "கணக்கப்பிள்ள ஐயா, தண்ணிக்கு ரெண்டு றாத்தல் கழிப்பீங்க, புலிக்கு எத்தன?" என்று கேட்டுவிட்டாள். பயந்து ஓடியவர்களே சிரித்தார்கள்.

கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. "யாரும் தொடாதீங்க. ஒரு பெட்டி கொண்டாங்க. தொரை போன வருஷமே ஒரு குட்டி கேட்டாரு" என்றார்.

அப்போதுதான் குட்டி வாய்விட்டுக் கத்தியது. சீறல் இல்லை, அழுகை. அண்ணியைப் பார்த்தேன். சற்று முன்தான் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தவர். ரவிக்கையின் முன்பக்கத்தில் பால் கசிந்து பரவிக்கொண்டிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாக்கின் நுனியை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு கணக்கப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, இது கத்துற கத்துக்கு எனக்கே பால் கட்டுதுங்க. பெத்தவ அங்க மலையில எப்பிடித் துடிப்பா? நான் தெரியாமத் தூக்கியாந்தேன். நானே கொண்டுபோய் விட்டுர்றேன்."

"வெளையாடுறியா? தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்."

"அவ குட்டியத் தேடி மோப்பம் புடிச்சு லயத்துக்கு வருவா ஐயா. காட்டுலேருந்து எறங்குனா எங்க லயந்தான் மொத லயம். இல்லன்னா அந்த மலையிலேயே காத்துக் கெடப்பா. விடிஞ்சா அந்த மலைக்கு எங்களத்தான அனுப்புவீங்க? எம் பிள்ளைக்கு நான் திரும்பி வரணுங்க ஐயா." சத்தமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "கூடையில கொழுந்து இருந்துச்சுன்னு எழுதிக்கங்க. பொய்யில்லையே, கொழுந்தும் இருந்துச்சு" என்றார்.

கணக்கப்பிள்ளை குட்டியைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "வெளிச்சம் இருக்கயிலே போயிட்டு வந்துரு. நான் இந்தப் பக்கம் பாக்கல" என்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரை நான் இன்றைக்கும் நல்லவர் என்றுதான் சொல்வேன்.

கை படாமல் சாக்கால் அள்ளி, கொழுந்தை மெத்தையாகப் போட்டுக் குட்டியைக் கூடையில் வைத்தார் அண்ணி. கவ்வாத்து வெட்டிவிட்டு அந்த வழியாக வந்த அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. "ஒனக்கென்ன பைத்தியமா? கைப்பிள்ளக்காரி நீ" என்றார்.

"கைப்பிள்ளக்காரியா இருக்கப்போயித்தாங்க போறேன்."

அண்ணனும் கூடவே கிளம்பினார். பிள்ளையைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் ஏறினோம். என்னை வர வேண்டாம் என்றார்கள்; அண்ணியை விட்டுவிட்டு நான் எப்படி நிற்பேன்? மலையடியில் முனியாண்டிக் கல்லுக்கு முன்னால் அண்ணி நின்றார். "கத்திய இங்க வச்சுட்டு வாங்க. பிள்ளயக் குடுக்கப் போறவங்க கத்தியோட போகக் கூடாது." கவ்வாத்துக் கத்தி இல்லாமல் அண்ணனை நான் அதுவரை மலையில் பார்த்ததில்லை. கல்லின் காலடியில் வைத்துவிட்டு வந்தார்.

மேலே போகப் போகப் பனி விலகி வெளிச்சம் மஞ்சளாக விழுந்தது. காட்டுக்குள்ளே எங்கேயோ ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம்; தாய்ச் சிறுத்தைதான். அண்ணன் என் கையைப் பிடித்தார். அண்ணி நிற்கவில்லை. பாதை தெரியாத பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, நிதானமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நடந்தார். "நாங்க கொழுந்துக்காரங்க தாயி. ஒம் பிள்ளயக் கொண்டாந்திருக்கோம். ஒண்ணும் செய்யல தாயி. பட்டினிதான், வேற ஒண்ணும் இல்ல." அதே செடி, அதே தூர். கூடையைச் சாய்த்து வைத்தார். குட்டி வெளியே வராமல் மறுபடியும் அழுதது. நாங்கள் பின்பக்கமாகவே நடந்து, கீழே ரோட்டோரக் கல்லுக்கட்டில் ஏறி உட்கார்ந்தோம்.

அது வந்ததை நான் பார்க்கவில்லை. வெறும் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கணம் அங்கே அது இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு இலையைக்கூட அசைக்காமல் வந்திருந்தது. கூடைக்குள் தலையை விட்டு, வெகுநேரம் முகர்ந்தது. மனுஷ வாடைக்கு அது குட்டியை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று நான் நினைத்தேன். அண்ணியும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். அவர் உதடு மாரியம்மா மாரியம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அது நாக்கை நீட்டிக் குட்டியை நக்கத் தொடங்கியது. அழுகை நின்றது. கழுத்துத் தோலைக் கவ்வித் தூக்கியபோது குட்டி கால்களை மடக்கிக்கொண்டு பொட்டலம் மாதிரித் தொங்கியது. தாய் ஒரு தரம் எங்கள் பக்கம் பார்த்தது. நேராகப் பார்த்தது. அப்புறம் காட்டுக்குள் ஏறிப் போனது.

"பாத்துப் போ தாயி" என்றார் அண்ணி.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் நாலாம் நம்பருக்குப் போகச் சொன்னதும் ஒரு பெண்ணும் நகரவில்லை. கங்காணி கத்தினார்; கேட்பார் இல்லை. அண்ணி கூடையில்லாத வெறும் முதுகோடு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். செடியின் தூரில் கூடை பனியில் நனைந்து கிடந்தது. உள்ளே கொழுந்து கறுத்திருந்தது. காட்டோரத்து நிரைகளைக் கடைசி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து, கறுத்த கொழுந்தைக் கொட்டிக் கூடையை உதறி முதுகில் போட்டுக்கொண்டார். கீழே பார்த்து, "போயிட்டாங்க, வாங்க" என்றார். எல்லாரும் ஏறி வந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் முதல் கொழுந்தைக் கிள்ளுமுன் 'பொலியோ பொலி' என்று குரல் கொடுத்துத்தான் வேலை தொடங்கும். நிறைய விளையட்டும் என்று கும்பிடுவது அது. கூட்டத்தில் மூத்த பெண்தான் அதைச் சொல்வாள். வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த மூத்தவள் அண்ணியைப் பார்த்து, "நீ சொல்லு ஆத்தா" என்றாள். இருபது வயசு தாண்டாத, நேற்று வாழ வந்த பெண் அண்ணி. தயங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கொடுத்த குரலுக்கு மலை முழுக்கப் பதில் வந்தது. என் நெஞ்சு அன்றைக்கு விம்மிய மாதிரி என் பிள்ளைகளின் கல்யாணத்தில்கூட விம்மியதில்லை.

அடுத்து வந்த வருஷங்களில் இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி முடிவெடுத்து, எங்களை இங்கே பாதி அங்கே பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனும் அண்ணியும் அக்கரைக்குப் போனார்கள். நீலகிரிப் பக்கத்துத் தேயிலையிலேயே வேலை கிடைத்ததாம். அண்ணி அங்கேயே கண்ணை மூடிவிட்டார். நான் இங்கே, அவர் தாண்டிப்போன கடலுக்கு இந்தக் கரையில் இருக்கிறேன்.

அன்றைக்குக் கைப்பிள்ளையாக இருந்த என் அண்ணன் மகன் போன வருஷம் எங்களைப் பார்க்க வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. பேரப்பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தவன் மெல்லக் கேட்டான்: "அத்த, அம்மா புலிக்குட்டியக் கூடையில சொமந்தாங்கன்னு எம் பிள்ளைங்ககிட்டச் சொன்னா, கதை விடுறீங்கன்னு சிரிக்கிறாங்க. எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. நெசந்தானா?"

அவன் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன். நிஜம்தான் கண்ணுகளா. நான் பக்கத்து நிரையில் நின்றவள்.