பருந்து போட்ட கண்ணாடி

கோல்ஃப் ஆட்டத்தில் அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் பருந்து. அடித்த பந்து எவ்வளவு தூரம் போய் எந்தப் புதரில் விழுந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் பக்கத்தில் இருப்பது மட்டும் மனுஷனுக்குத் தெரியவே தெரியாது! செருப்பு காலடியில் கிடக்கும். காணோம் காணோம் என்று வீட்டையே இரண்டாக்குவார். ஜெயித்த கோப்பைகள் அலமாரி கொள்ளாமல் வாஷிங் மெஷின் மேல் ஏறிய பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

அவருடைய மட்டைப் பையைச் சுமந்தவர் மனைவியின் அண்ணன். கல்யாணமான புதிதில், பெரிய போட்டி ஒன்றுக்குப் பை தூக்க ஆள் கிடைக்காமல் பருந்து முழித்தபோது, "குடு மாப்ள, நான் வர்றேன்" என்று தோளில் மாட்டியவர்தான், பிறகு இறக்கவே இல்லை. இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: தூரம் மாப்பிள்ளைக்கு, பக்கம் மச்சானுக்கு. புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கிடப்பது நம் பந்துதானா, எல்லாம் மச்சான் பாடு. அடையாளத்துக்குப் பந்தில் சிவப்புப் புள்ளி வைப்பதும் அவரே. தோற்ற நாட்களில் காரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அந்த மச்சானுக்குக் கண் மங்கத் தொடங்கியது. மூச்சு விடவில்லை மனுஷன். கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாதவர். பையை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? ஹோட்டலில் மெனு அட்டையை ஒப்புக்குப் புரட்டிவிட்டு, "நீ சாப்பிடுறதே எனக்கும் சொல்லிரு" என்பார். பருந்தும் சொல்லிவிடுவார். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்து, ஏன் என்று கேட்டாரா? இல்லை.

அந்த வருஷத்துப் பெரிய கோப்பையின் கடைசி நாள். பந்து உயரமான புல்லில் விழுந்தது. மச்சான் குனிந்து பார்த்து, "நம்மதுதான், அடி" என்றார். பருந்து அடித்தார். அருமையான அடி, கூட்டம் கைதட்டியது. குழிக்கருகே போய்த் துடைக்க எடுத்தால், பந்தில் புள்ளியே இல்லை. யாரோ எப்போதோ தொலைத்த பந்து! குறைந்த அடிகளில் முடிப்பவரே ஜெயிக்கும் ஆட்டத்தில், அடுத்தவர் பந்தை அடித்தால் தண்டனையாகக் கணக்கில் இரண்டு அடி கூடிவிடும். திரும்பப் போய்த் தன் பந்தைத் தேடி ஆடினார். கோப்பை ஓர் அடி வித்தியாசத்தில் போனது.

"ஆளை மாத்துங்க சார்" என்று சொல்லாதவர் இல்லை. வீட்டுக்கு வந்தால் பை கூடத்தில் சாத்தியிருந்தது. பக்கத்தில் மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு.

"அண்ணன் வச்சிட்டுப் போயிட்டாரு. இனிமே வரமாட்டாராம்."

பருந்து நேராக மச்சான் தனியாகத் தங்கியிருந்த அறைக்குப் போனார். மச்சான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல மாப்ள. சொன்னா வேணாம்னுடுவியோன்னு பயம். உன் கோப்பைய நானே கெடுத்துட்டேன்."

"பந்தைப் பாத்து அடிக்க வேண்டியவன் நான். வாயை மூடிட்டுச் சட்டையைப் போடு."

கண்ணாடிக் கடையில் மச்சானுக்குத் தடிமனாக ஒன்று அமைந்தது. "எனக்கும் பாருங்க" என்று பருந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைக்காரர் சோதித்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு எதுக்கு சார்? பவரே இல்லையே!"

"பவர் இல்லாததாவே குடுங்க."

அடுத்த போட்டிக்கு இருவரும் கண்ணாடியோடு இறங்கினார்கள். பருந்துக்கே பார்வை போய்விட்டது, போன தடவை தவறான பந்தை அடித்ததும் அதனால்தான் என்று மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. மச்சான் அதை எழுத்து விடாமல் படித்தார்.

"பருந்துன்னு ஊரே சொல்லுச்சே மாப்ள. இப்படி எழுத விட்டுட்டியே!"

"எழுதுனது பொய்யா மச்சான்? பக்கத்துலயே இருந்த உன்னை எனக்குத் தெரியலையே."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.